அமிலம் வந்துவிடும், அதைத் தண்ணீரிலிருந்து பிரிப்பதுதான் பாடு

கேள்வி சுருக்கமாக இதுதான்: "கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மிஞ்சும் கசடை நொதிக்க வைத்தால் அசிட்டிக் அமிலம், பியூட்ரிக் அமிலம் மாதிரி விலைபோகும் வேதிப்பொருட்கள் கிடைக்கும் என்று படித்தேன். அப்படியானால் ஏன் பெரும்பாலான இடங்களில் வெறும் எரிவாயு மட்டும் எடுக்கிறார்கள்? யாருக்கும் தோன்றவில்லையா, இல்லை இதில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா? என்னிடம் ஐந்து லிட்டர் கலன் ஒன்று இருக்கிறது, செய்து பார்க்கலாமா?" கேட்டவர் கெமிக்கல் இன்ஜினியரிங் இறுதியாண்டு மாணவர். பார்ப்பதற்கு "முடியுமா" என்ற கேள்வி மாதிரி இருக்கிறது, ஆனால் அவர் உண்மையில் கேட்பது "முடியும் என்றால் ஏன் செய்யவில்லை" என்பதைத்தான். முதல் கேள்விக்கு ஒரே வரிதான் பதில்: முடியும், அதிலும் நீங்கள் நினைப்பதைவிடச் சுலபமாக முடியும். இரண்டாவதற்குத்தான் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது.

நான் பதினேழு வருடமாகக் கசடு டைஜஸ்டர்களோடு, அதாவது கசடை நொதிக்க வைக்கும் மூடிய தொட்டிகளோடு பிழைப்பு நடத்துகிறேன், அதில் நான்கு வருடம் இதே வேலைக்காகப் போட்ட ஒரு பைலட் பிளாண்ட்டில், சிறிய சோதனை ஆலையில். தொட்டிக்குள் நடப்பதை உறுதியாகச் சொல்வேன். பிரித்தெடுக்கும் பகுதியில் அடிபட்டுக் கற்றவன். விற்பனை, சந்தை விஷயத்தில் நான் சொல்வதை ஒரு பிளாண்ட் ஆளின் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எரிவாயு எப்படி வருகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அமிலம் அந்த வழியில் பாதியில் இறங்கும் ஊர். காற்றுப் புகாத தொட்டியில் கசடை 35 முதல் 37 டிகிரி செல்சியஸில் பதினைந்து இருபது நாள் வைத்திருந்தால், முதலில் புரதம், கொழுப்பு, மாவுப்பொருள் எல்லாம் உடைந்து கரைகின்றன. அடுத்து ஒரு கூட்டம் பாக்டீரியா அவற்றை அசிட்டிக், புரோபியானிக், பியூட்ரிக், வலேரிக் அமிலங்களாக்குகிறது. இன்னொரு கூட்டம் நீளமான அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் குறைக்கிறது. கடைசியில் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் அவற்றைத் தின்று மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் தருகின்றன. ஆகவே எரிவாயு எடுக்கும் டைஜஸ்டர் எல்லாவற்றிலும் நீங்கள் கேட்கும் அமிலம் தினமும் உண்டாகிக்கொண்டுதான் இருக்கிறது. உண்டான வேகத்திலேயே தின்னப்பட்டுவிடுவதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கடைசிக் கூட்டத்தைத் தலையெடுக்க விடாமல் செய்தால் அமிலம் மிஞ்சும். அவை மெதுவாகப் பெருகுபவை. அசிட்டிக் அமிலத்தைத் தின்னும் வகைகளில் சில, இரட்டிப்பாக நான்கைந்து நாள் எடுத்துக்கொள்ளும். பிஎச் ஏழை ஒட்டி இருந்தால்தான் சௌகரியமாக இருக்கும். கசடைத் தொட்டியில் இரண்டு முதல் ஐந்தாறு நாளுக்கு மேல் வைக்காமல் வெளியேற்றினால் அவை பெருகுவதற்குள் கழுவிக்கொண்டு போய்விடும். கூடவே பிஎச் ஐந்தரைப் பக்கம் இறங்கிவிட்டால் வேலை இன்னும் சுலபம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டைஜஸ்டர் ஆபரேட்டர்கள் ராத்தூக்கம் கெட்டுப் பயப்படும் விஷயம் ஒன்றே ஒன்றுதான்: "தொட்டி புளித்துவிட்டது" என்பது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், நீண்ட விடுமுறைக்கு முன்னால் தேக்கி வைத்திருந்த கசடை எல்லாம் இரண்டே நாளில் உள்ளே தள்ளிவிட்டோம், போதாக்குறைக்கு லாரி லாரியாக எண்ணெய்ப்பிசுக்குக் கழிவும் சேர்ந்தது. மூன்றாம் நாள் காலை வாயு மீட்டர் பாதிக்கு வந்துவிட்டது, மிஞ்சும் வாயுவை எரித்துவிடும் ஃபிளேரில் தீ நிற்கவில்லை. அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதம் சாதாரணமாக 0.15, 0.2 என்று இருக்கும், அன்றைக்கு 0.7. சாம்பிள் பாட்டிலைத் திறந்தவுடன் மூக்கில் அடித்தது சாக்கடை நாற்றம் இல்லை, சிக்குப் பிடித்த எண்ணெயும் வினிகரும் கலந்த ஒரு புளித்த வாடை. அந்தத் தொட்டியை மீட்க ஒன்றரை மாதம் ஆனது. பத்து வருடம் கழித்துப் பைலட் பிளாண்ட்டில் அதே வாடையை வேண்டுமென்றே வரவழைத்து, வந்ததும் கைதட்டிக்கொண்டோம். அமில உற்பத்தி என்பது கெட்டுப்போன டைஜஸ்டரைக் கட்டுக்குள் வைத்து நடத்துவதுதான்.

இன்னொரு நல்ல விஷயம், இதற்குக் கிருமிநீக்கம் தேவையில்லை. முதல் உலகப்போர் காலத்தில் கைம் வைஸ்மான் குளோஸ்டிரிடியம் பாக்டீரியாவைக் கொண்டு மாவுச்சத்திலிருந்து அசிட்டோன் எடுத்தார்; அங்கே வேறு நுண்ணுயிரி நுழைந்துவிட்டால் மொத்தக் கலனும் வீண். கசடில் அந்தக் கவலை இல்லை, ஏற்கெனவே எல்லோரும் உள்ளேதான் இருக்கிறார்கள். அதற்கு விலையும் உண்டு: தூய்மையான ஒரு பொருள் வராது. பாதிக்கு அசிட்டிக், அப்புறம் புரோபியானிக், பியூட்ரிக், கொஞ்சம் வலேரிக் என்று ஒரு கலவைதான் வரும். வெப்பநிலையும் கசடும் மாறினால் கலவையின் விகிதமும் மாறும்.

எவ்வளவு வரும் என்பது எந்தக் கசடு என்பதைப் பொறுத்தது. முதல்நிலைத் தொட்டியில் வெறுமனே படிகிற கசடு சீக்கிரம் புளிக்கும். அதில் உடையாத உணவும், கொழுப்பும், கழிப்பறைக் காகிதமும் இருக்கின்றன. இரண்டாம்நிலைக் கசடு வேறு ஜாதி. அது பெரும்பாலும் உயிருள்ள பாக்டீரியா செல்களும், அவை தம்மைச் சுற்றிக் கட்டிக்கொண்ட பிசினும்தான். செல்சுவர் உடைந்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும், அந்த உடைப்புதான் மெதுவாக நடக்கும் கட்டம். அதற்குக் குறுக்குவழிகள் உண்டு. 2006இல் ஷாங்காயின் டோங்ஜி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டாம்நிலைக் கசடின் பிஎச்சைப் பத்தில் வைத்து நொதிக்கவிட்டால் அமில விளைச்சல் பல மடங்கு கூடுகிறது என்று காட்டினார்கள். காரம் செல்களைக் கரைக்கிறது, அதே சமயம் மீத்தேன் கூட்டத்தையும் அடக்கிவிடுகிறது. இது ஆய்வகங்களில் திரும்பத் திரும்ப வந்த முடிவு, சந்தேகமே வேண்டாம். ஆனால் காஸ்டிக் சோடா டன் கணக்கில் வாங்க வேண்டும், அப்புறம் அந்தச் சோடியத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யோசிக்க வேண்டும், மெல்லிய சேறாகக் கரைந்துவிட்ட கசடைப் பிழிவது நரகம். இன்னொரு வழி, 160 டிகிரியில் ஆறு பார் அழுத்தத்தில் அரைமணி நேரம் நீராவியில் வேகவைத்து, திடீரென்று அழுத்தத்தை விடுவது. நார்வேயின் ஹாமாரில் 1990களின் நடுவில் முதல் முழு அளவு நிலையம் வந்தது. வாஷிங்டன் டிசியின் புளூ பிளெயின்ஸ் நிலையத்தில் 2015 முதல் ஓடுகிறது. இரண்டு இடத்திலும் நோக்கம் அமிலம் இல்லை, கூடுதல் வாயுவும் நல்ல பிழிவும். ஆனாலும் வெந்த கசடு அமிலத்துக்கும் நன்றாக வரும்.

சரி, இப்போது கணக்குப் போடுவோம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் உலர்ந்த கசடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சம் பேர் உள்ள நகரம் என்றால் நாளைக்கு 50 டன். அதில் முக்கால் பங்கு கரிமப்பொருள். அதை முழுவதும் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் எடையாக, அதாவது சிஓடியாக மாற்றினால் 55 டன் பக்கம் வரும். நன்றாக நடக்கும் நொதிப்பில் அதில் ஐந்தில் ஒரு பங்கு அமிலமாகும் என்று கொண்டால் 11 டன் சிஓடி, எடையில் எட்டு டன் அமிலக் கலவை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கெட்டியாக்கிய கசடில் ஐந்து சதவீதம்தான் திடப்பொருள், அதாவது அந்த 50 டன் ஆயிரம் டன் சேற்றுக்குள் இருக்கிறது. எட்டு டன் அமிலம் ஆயிரம் டன்னில்: லிட்டருக்கு எட்டு கிராம். சாதாரண வினிகரில் லிட்டருக்கு 50 கிராம் அசிட்டிக் அமிலம் இருக்கும். நாம் பேசிக்கொண்டிருப்பது வினிகரைவிட ஆறு மடங்கு நீர்த்த, கறுப்பான, நாறுகிற ஒரு திரவம்.

இதிலிருந்து அமிலத்தை எப்படிப் பிரிப்பீர்கள்? காய்ச்சி வடிக்கலாமே என்று முதலில் தோன்றும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், அசிட்டிக் அமிலம் 118இல். அப்படியானால் முதலில் போக வேண்டியது தண்ணீர். ஒரு கிலோ அமிலத்துக்காக 124 கிலோ தண்ணீரை ஆவியாக்கினால், வெப்பத்தைத் திரும்பப் பிடிக்காவிட்டால், 280 மெகாஜூல் ஆகும். அந்த ஒரு கிலோ அசிட்டிக் அமிலத்தை எரித்தால் கிடைப்பதே பதினாலரை மெகாஜூல்தான். வெப்பத்தை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் திருப்பி உபயோகித்தாலும் இந்த இடைவெளியை மூடுவது கஷ்டம்.

அப்புறம் இன்னொரு தொல்லை. நொதிப்புத் தொட்டியில் இருப்பது பெரும்பாலும் அமிலமே இல்லை, அதன் உப்பு. அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ 4.76. பிஎச் 4.76இல் பாதி அமிலமாக இருக்கும், பிஎச் 5.8க்கு வந்தால் சுமார் எட்டு சதவீதம்தான் அமிலம். பிஎச் ஏழில் அரை சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், மீதியெல்லாம் அசிட்டேட். உப்பு ஆவியாகாது, கரைப்பானுக்குள்ளும் போகாது. கரைப்பான் கொண்டு பிரிக்க வேண்டும் என்றால் சல்பூரிக் அமிலம் ஊற்றிப் பிஎச்சை நாலுக்குக் கீழே இறக்க வேண்டும், அதாவது ஓர் அமிலத்தை எடுப்பதற்கு இன்னோர் அமிலத்தைச் செலவழிக்க வேண்டும். அந்தச் சல்பேட் எங்கே போகும்? திரும்பவும் கழிவுநீரில்தான். எலெக்ட்ரோடயாலிசிஸ் என்ற வழி இந்தச் சுழலிலிருந்து தப்பிக்கிறது, மின்சாரமே உப்பை இழுத்துக்கொள்ளும்; ஆனால் அதற்குத் தெளிந்த திரவம் வேண்டும், கூடவே அமோனியம், குளோரைடு எல்லாம் சேர்ந்து வரும்.

தெளிந்த திரவம் என்று எழுதுவது சுலபம். எங்கள் பைலட்டில் நொதித்த கசடை சென்ட்ரிஃபியூஜில் பிழிந்து, பிறகு செராமிக் மெம்பிரேனில் வடிகட்டினோம். முதல் நாள் தேநீர் நிறத்தில் பளிச்சென்று திரவம் ஓடிவந்தபோது எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். மூன்றாம் வாரத்தில் வடிகட்டும் நேரத்தைவிடக் காஸ்டிக்கும் சிட்ரிக் அமிலமும் ஊற்றிக் கழுவும் நேரம் அதிகம். அதற்கு முன்னாலேயே பம்பு நின்றுபோன காரணம் இன்னும் சாதாரணமானது: தலைமுடி. எந்த ஆய்வுக்கட்டுரையிலும் அதைப் பெரிதாக எழுதமாட்டார்கள். முடியும் ஈரத் துடைப்புத்தாளின் நாரும் சேர்ந்து கயிறாகத் திரிந்து கலக்கியின் தண்டில் சடை போட்டதுபோலச் சுற்றிக்கொள்ளும். வாரம் ஒருமுறை கத்தியால் அறுத்தெடுப்போம்.

எதிர்த்தரப்பில் இருப்பது யார் என்றும் பாருங்கள். உலகில் விற்கும் அசிட்டிக் அமிலத்தில் பெரும்பகுதி மெத்தனாலையும் கார்பன் மோனாக்சைடையும் ரோடியம் அல்லது இரிடியம் வினையூக்கியில் சேர்த்துச் செய்வது. 1970இல் மான்சாண்டோ ரோடியம் முறையைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தது, இரிடியம் முறை 1996இல் வந்தது. ஒரு பெரிய ஆலை வருடத்துக்கு ஐந்து லட்சம் டன் தூய அமிலம் தரும், நாளைக்கு ஆயிரத்து முந்நூறு டன்னுக்கு மேல். நம் பத்து லட்சம் பேர் நகரம் கொடுக்கும் எட்டு டன் கலவையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஏன் யாரும் அதை டேங்கரில் ஏற்றி விற்கக் கிளம்பவில்லை என்பது புரியும். மீத்தேன் இங்கேதான் ஜெயிக்கிறது: அதுவே குமிழியாகத் தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடுகிறது, பிரித்தெடுக்கும் செலவு கிட்டத்தட்ட இல்லை. ஒரு கிலோ சிஓடிக்கு 0.35 கன மீட்டர் மீத்தேன், குழாயைப் போட்டால் எஞ்சினுக்குப் போய்விடும். 1895லேயே இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் டொனால்ட் கேமரன் தன் மலக்குழித் தொட்டியிலிருந்து வந்த வாயுவை விளக்கெரிக்க உபயோகித்தார் என்றால் அது எவ்வளவு எளிமையான விஷயம் என்று பாருங்கள்.

இன்னொன்றும் மறந்துவிடக் கூடாது, சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். அமிலமாக எடுத்த ஒவ்வொரு கிலோ சிஓடியும் மீத்தேனாக வராமல் போன சிஓடி. அமிலமும் எடுப்போம், வாயுவும் குறையாது என்று யாராவது படம் போட்டுக் காட்டினால் அவர்களிடம் சிஓடி கணக்கைக் கேளுங்கள். முன்னால் வேகவைத்தோ காரம் போட்டோ அதுவரை உடையாததை உடைத்திருந்தால் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

அப்படியானால் இது உதவாத வேலையா என்றால், இல்லை. நாற்பது வருடமாகச் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது, அமிலத்தைப் பிரிக்காமலே உபயோகிப்பதால் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். கழிவுநீரிலிருந்து நைட்ரேட்டையும் பாஸ்பரஸையும் நீக்கும் பாக்டீரியாக்களுக்கு உணவு வேண்டும். அவற்றுக்குப் பிடித்த உணவு இதே அசிட்டேட்டும் புரோபியானேட்டும்தான். ஒரு கிலோ நைட்ரேட் நைட்ரஜனை நீக்கக் கணக்குப்படி கிட்டத்தட்ட மூன்று கிலோ சிஓடி, நடைமுறையில் நான்கு முதல் ஆறு கிலோ. பல நிலையங்கள் இதற்காக மெத்தனாலோ கிளிசரினோ வாங்கி ஊற்றுகின்றன. கனடாவின் கெலோனாவில் 1982இல் தொடங்கிய நிலையத்தில், தென்னாப்பிரிக்காவில் இந்தத் துறையைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் பர்னார்டின் வடிவமைப்பில், முதல்நிலைக் கசடை வேண்டுமென்றே புளிக்கவிட்டு அந்தச் சாற்றைப் பாஸ்பரஸ் நீக்கும் தொட்டிக்கு அனுப்பினார்கள். காய்ச்ச வேண்டாம், வடிகட்ட வேண்டாம், தூய்மை பார்க்க வேண்டாம். லிட்டருக்கு எட்டு கிராம் என்ற நீர்த்தன்மை இங்கே குறையே இல்லை, போய்ச் சேர வேண்டிய இடமும் தண்ணீர்தான்.

இதை நடத்துவதற்கு ஒரு கெட்டியாக்கும் தொட்டி போதும். கசடைப் படியவிட்டு, அடியில் நான்கைந்து நாள் தங்குமாறு வைத்து, மேலே நிற்கும் புளித்த நீரை எடுத்துக்கொள்வது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஒருநாள் கூடுதலாகத் தங்கிவிட்டால் மீத்தேன் கூட்டம் வேர்பிடிக்கும். முதலில் ஓரத்தில் ஊசிமுனை அளவு குமிழிகள் தெரியும், அடுத்த நாள் தட்டுத்தட்டாகக் கசடு மேலே மிதந்து வரும், அமிலம் பாதியாகிவிடும். அனுபவம் உள்ள ஆபரேட்டர் கருவியைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் குமிழியைப் பார்த்துவிட்டு அடிக்கசடைத் திறந்துவிட்டிருப்பார். இந்தச் சாற்றோடு கசடிலிருந்து விடுபட்ட அமோனியாவும் பாஸ்பரஸும் சேர்ந்தே வரும் என்பது ஒரு குறை. முதல்நிலைக் கசடில் இது தாங்கக்கூடிய அளவு. இரண்டாம்நிலைக் கசடில், முக்கியமாகப் பாஸ்பரஸைச் சேர்த்து வைத்திருக்கும் கசடில், நீங்கள் நீக்கியதையே திருப்பி ஊற்றுவதுபோல ஆகிவிடும். அங்கே மெக்னீசியம் சேர்த்து ஸ்ட்ரூவைட் படிகமாகப் பாஸ்பேட்டையும் அமோனியாவில் ஒரு பகுதியையும் முதலில் எடுத்துவிடுவது நல்லது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டர்ஹம் நிலையம் 2009 முதலும், சிகாகோவின் ஸ்டிக்னி நிலையம் 2016 முதலும் அதை உரமாகவே எடுக்கின்றன. ஜெர்மனியில் 2029 முதல் பெரிய நிலையங்கள் கசடின் பாஸ்பரஸை மீட்டே ஆக வேண்டும் என்று சட்டம். கசடிலிருந்து விற்கக்கூடிய வேதிப்பொருள் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது எது என்று கேட்டால் என் பதில் இன்றைக்கு இதுதான், அமிலம் இல்லை. கரைசலிலிருந்து தானாகப் படிகமாக விழுகிறது, பார்த்தீர்களா, மறுபடியும் அதே விஷயம்: தண்ணீரை விட்டுத் தானாகப் பிரிவது ஜெயிக்கும்.

அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் அடுத்து வரும் இரண்டு வழிகளும் ஏன் ஆய்வாளர்களை இழுக்கின்றன என்று புரியும். ஒன்று, பாக்டீரியா உடம்புக்குள்ளேயே பிளாஸ்டிக். பாலிஹைட்ராக்ஸி ஆல்கனோயேட் என்ற பொருளைப் பல பாக்டீரியாக்கள் கொழுப்பு மாதிரி சேமித்து வைக்கும். 1920களின் நடுவில் பிரான்ஸில் மொரீஸ் லெமுவான் கண்டுபிடித்தது. கலப்புக் கூட்டத்தை ஒருவேளை வயிறு நிறைய அமிலம் கொடுத்து, மறுவேளை பட்டினி போட்டு மாற்றி மாற்றி நடத்தினால், வேகமாகச் சேமித்து வைப்பவை மட்டும் பிழைத்துப் பெருகும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் இப்படி வளர்த்த ஒரு கூட்டம் உடல் எடையில் 80 சதவீதத்துக்கும் மேல் பிளாஸ்டிக்கைச் சேர்த்தது, சுத்தமான அசிட்டேட்டைக் கொடுத்து. கசடின் சாற்றில் அவ்வளவு வராது, அதில் இருக்கும் அமோனியாவும் மற்ற கரிமங்களும் வேறு ஆட்களையும் வளர்த்துவிடும். ஆனால் அமிலம் செல்லுக்குள் போய்விட்டது, செல்லை வடிகட்டிவிடலாம், தண்ணீர்ப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. புரோபியானிக்கும் வலேரிக்கும் கலந்திருப்பதுகூட இங்கே நல்லது, பிளாஸ்டிக்கின் நொறுங்கும் குணம் குறையும். பிரஸ்ஸல்ஸிலும் நெதர்லாந்திலும் உண்மையான கழிவுநீர், கசடைக் கொண்டு பைலட் அளவில் செய்து காட்டியிருக்கிறார்கள். செய்ய முடியும் என்பது நிரூபணமானது. மாதாமாதம் ஒரே தரத்தில், ஒரே நிறத்தில், பிளாஸ்டிக் மோல்டிங் செய்பவர் கேட்கும்படி கொடுக்க முடியுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். கசடு மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி வரும்.

இன்னொரு வழி அமிலத்தின் கார்பன் சங்கிலியை நீட்டுவது. குளோஸ்டிரிடியம் குளுய்வெரி என்ற பாக்டீரியா எத்தனாலையும் அசிட்டேட்டையும் சேர்த்து முதலில் பியூட்ரேட்டும் பிறகு ஆறு கார்பன் உள்ள கப்ரோயேட்டும் செய்யும். கப்ரோயிக் அமிலம் தண்ணீரில் லிட்டருக்குப் பத்துப் பதினொரு கிராமுக்கு மேல் கரையாது, மிஞ்சியது எண்ணெயாக மேலே மிதக்கும். ஆட்டுக்கிடா வாடை அடிக்கும், ஆனால் மிதக்கிறதே! கசடில் எத்தனால் இல்லை என்பது முட்டுக்கட்டை, வெளியிலிருந்து ஊற்ற வேண்டும். இந்த அமிலத்துக்கு நல்ல சந்தைகளில் ஒன்று கால்நடைத் தீவனம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு 767ஆம் எண் விதி, நகரக் கழிவுநீரிலிருந்து வந்த எந்தக் கழிவையும் தீவனத்தில் சேர்க்கவே கூடாது என்கிறது. எவ்வளவு சுத்தமாக எடுத்தாலும் பிறப்பிடம் பார்த்துக் கதவடைக்கும் விதி அது. எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை, சாக்கடையில் எது வரும் என்று நம்மால் உறுதி சொல்ல முடியாது. 1950களில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் கசடிலிருந்து வைட்டமின் பி12 எடுக்கும் முறைக்குக் காப்புரிமையே வாங்கினார்கள், கசடில் அது உண்மையாகவே இருக்கிறது. ஆனாலும் இன்று விற்கும் பி12 எல்லாம் தனியாக வளர்த்த தூய பாக்டீரியாவிலிருந்து வருவது.

கலப்படங்களைப் பற்றிப் பயந்து கேட்பவர்களுக்கு: கனஉலோகங்கள் பெரும்பாலும் திடப்பொருளோடு தங்கிவிடும், பிஎச் மிகவும் இறங்கினால் துத்தநாகம் போன்றவை கொஞ்சம் சாற்றில் கரைந்து வரும். மருந்து எச்சங்களும் பிஎஃப்ஏஎஸ் என்ற எளிதில் சிதையாத ஃபுளோரின் சேர்மங்களும் நொதிப்பதால் மாயமாகிவிடாது. சாறு நிலையத்துக்குள்ளேயே திரும்பிப் போகிறவரை இது புதிய பிரச்சினை இல்லை. வேலிக்கு வெளியே பொருளாகப் போகிறபோதுதான் ஒவ்வொரு தொகுதியையும் சோதித்தாக வேண்டும்.

இனி உங்கள் ஐந்து லிட்டர் கலனுக்கு வருவோம். தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் அசிட்டிக் அமிலம் எடுத்துக் காட்டுகிறேன் என்று தலைப்பு வைக்காதீர்கள். எவ்வளவு சிஓடி அமிலமாகிறது, அதில் எவ்வளவு நைட்ரேட்டை நீக்க முடிகிறது என்று வையுங்கள். ஒரு செமஸ்டரில் முடியும், பதிலும் கிடைக்கும். முதல்நிலைக் கசடு கேளுங்கள், வாங்கியதும் ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து முடியை எடுத்துவிடுங்கள், அன்றைக்கே ஆரம்பியுங்கள். பக்கெட்டில் இரண்டு நாள் வைத்தால் அதுவே புளித்துவிடும், பூஜ்ஜிய நாள் அளவு பொய்யாகிவிடும். ஒரே தடவை நிரப்பிவிட்டுப் பார்க்காமல் தினமும் கால் பங்கை எடுத்துவிட்டு அதே அளவு புதுக் கசடை ஊற்றுங்கள், நான்கு நாள் தங்கும் கணக்கு அது. மூன்று சுற்று, அதாவது பன்னிரண்டு நாள் கழித்து வருகிற எண்ணைத்தான் நம்ப வேண்டும். பிஎச், கரைந்த சிஓடி, மொத்த அமிலம், அமோனியா, பாஸ்பேட் இவ்வளவும் அளந்தால் போதும். குரோமட்டோகிராஃப் இல்லையென்றால் டைட்ரேஷனிலேயே மொத்த அமிலத்தை ஓரளவு பிடித்துவிடலாம், வாரம் ஒரு சாம்பிளை மட்டும் வெளியே கொடுத்துச் சரிபாருங்கள். வாயுவையும் ஒரு பையில் பிடித்து மீத்தேன் இருக்கிறதா என்று பாருங்கள், அது வர ஆரம்பித்தால் நாள் கணக்கைக் குறையுங்கள்.

கலனை இறுக்கி மூடிவிடாதீர்கள், வாயு வெளியேற நீர்ப்பூட்டு வைத்த குழாய் கட்டாயம் இருக்க வேண்டும், குழாயின் மறுமுனை ஃப்யூம் ஹுட்டுக்குள்ளோ கட்டடத்துக்கு வெளியிலோ. ஹைட்ரஜன் சல்பைடு முதலில் நாறும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். முதல் பன்னிரண்டு நாள் எண்களோடு திரும்ப எழுதுங்கள், கரைந்த சிஓடிக்கும் அமிலத்துக்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்தால் எங்கே தேடுவது என்று சொல்கிறேன்.